கேசட் கடையும் இணைய வாடகைப் படமும்: கேள்வி பதில்

மதுரையில் வீடியோ கேசட்டும் பின்னர் விசிடி, டிவிடியும் வாடகைக்கு விடும் கடையை நெடுங்காலம் நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகு, பழைய படங்களின் வீடியோ உரிமை தொடர்பான வேலைகளைப் பார்த்து வருகிறேன். கேசட் கடைகள் மறைந்ததையும் இணையத்தில் படத்தை வாடகைக்குப் பார்ப்பதையும் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோரிப்பாளையம்): ஐயா, இணையத்தில் பணம் கட்டிப் படத்தை வாடகைக்குப் பார்க்கும் வசதி வந்ததால்தான் நம் ஊர் வீடியோ கடைகள் மூடப்பட்டன என்று சொல்வது சரியா?

முழுவதும் சரியன்று. நம் பகுதியில் இத்தொழிலை வீழ்த்திய காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; இணைய வாடகை அவற்றுள் கடைசியாக வந்து சேர்ந்தது.

1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, வீட்டில் டிவி வைத்திருந்தவர்களே குறைவு. டெக் (கேசட்டை ஓட்டும் கருவி) வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே எண்பதுகளில் இக்கடைகளுக்குக் கேசட்டை மட்டும் கொடுத்து வந்த வருமானம் சிறிது. டிவி, டெக், மூன்று கேசட் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு விடுவதில்தான் பிழைப்பு நடந்தது. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு என்று விசேஷம் வந்தால், கடைப் பையன் ஒருவன் உடன் சென்று, விடிய விடியப் படம் ஓட்டிவிட்டு, நடுவில் படம் மங்கினால் டெக்கைத் திறந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காலையில் முதல் பேருந்தில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவான்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. 1993-இல் சன் டிவி தொடங்கியது. அது போக, ஊர்க் கேபிள்காரரே இரவில் ஒரு படத்தைப் போட்டுவிடுவார். 2006-க்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியதும் டிவி வாடகை என்ற இனமே இல்லாமற் போயிற்று. இடையில் திருட்டு வட்டுகள் பேருந்து நிலைய வாசல் வரை வந்துவிட்டன. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, வாடகைக்கு எடுத்துச் சென்று மறுநாள் திருப்பிக் கொடுக்க மீண்டும் ஒரு நடை வருவதைவிட, வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது எளிது என்று வாடிக்கையாளர்கள் கணக்கிட்டதில் வியப்பில்லை. அந்த மலிவு விலை நிறுவனமும் நிலைக்கவில்லை. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களைத் தனித்தனியாக வாடகைக்குத் தரத் தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். அந்த நாளில் நம் ஊரில் வாடகைக்கு வட்டு கொடுக்கும் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்): அப்படியானால் அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் போன்ற பெரிய வீடியோ வாடகை நிறுவனம் ஏன் விழுந்தது? அங்கே கேபிளும் மலிவு வட்டும் முன்பே இருந்தனவே?

நல்ல கேள்வி, அம்மா. 1985-இல் டல்லாஸ் நகரில் தொடங்கிய பிளாக்பஸ்டர், 2004-ஐ ஒட்டி ஏறத்தாழ 9,000 கடைகள் வரை வளர்ந்து, 2010 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. அதன் வளர்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கருத்து: புதுப் படத்தின் பிரதிகளைக் கடை நிறைய அடுக்கி வைக்கும் வசதி.

வாடகைக் கடைக்கான கேசட் ஒன்று அங்கே மொத்த விலையில் சுமார் 65 டாலர் இருந்தது. அந்த விலைக்கு அதிகப் பிரதிகள் வாங்க முடியாததால், சனிக்கிழமை மாலை வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1998-இல் அந்நிறுவனம் பட நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்தது. முன்பணமாக மிகச் சிறு தொகை கொடுத்துப் பிரதிகளை வாங்கிக்கொண்டு, வாடகையில் சுமார் 40 விழுக்காட்டைப் பங்காகத் தருவது என்பது அதன் சாரம். தட்டுப்பாடு தீர்ந்தது, அந்த வசதி கிடைக்காத சிறு கடைகள் நொறுங்கின.

இணையத்தில் பிரதி என்ற ஒன்றே கிடையாது. லட்சம் பேர் ஒரே மாலையில் கேட்டாலும் லட்சம் பேருக்கும் படம் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸ் 1998-இல் டிவிடியைத் தபாலில் அனுப்பத் தொடங்கியபோதே பிளாக்பஸ்டருக்கு இடைஞ்சல்தான்; தாமதக் கட்டணத்தின் மீது மக்களுக்கு இருந்த கசப்பை உணர்ந்து பிளாக்பஸ்டர் 2005-இல் அதை நீக்கியது. அதனால் ஒரு பெரிய வருமானம் போனதே தவிர, கடை வாடகையும் ஆள் சம்பளமும் குறையவில்லை. 2007-இல் நெட்ஃபிளிக்ஸ் படத்தை இணையத்திலேயே ஓடவிட்ட பிறகு, ஆயிரக்கணக்கான கடைகள் அப்படியே சுமையாக மாறின.

கேள்வி (திருமங்கலம்): ஒரு சிறு கடைக்காரர் வாடகையைக் குறைத்தால் இணையத்தோடு போட்டியிட முடியாதா? கணக்கு போட்டுச் சொல்லுங்கள், அண்ணாச்சி.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு டிவிடியை 150 ரூபாய்க்கு வாங்கி நாளுக்கு 15 ரூபாய் வாடகைக்கு விட்டால், போட்ட முதல் திரும்பப் பத்து முறை வெளியே போய்வர வேண்டும். புதுப் படம் என்றால் முதல் இரண்டு வாரங்களில் அந்தப் பத்து முறையும் முடிந்துவிடும். அதன் பின் வருவது லாபம். பழைய படம் மாதம் ஒரு முறை போனாலே பெரிது. ஆகவே கடைக்காரர் புதுப் படத்தில் ஈட்டி, பழைய படத்தைத் தாங்கினார். அலமாரியில் ஆயிரம் படம் இருக்கும். நூறு படம் சம்பாதிக்கும்.

இணையமும் தொலைக்காட்சியும் பறித்துக்கொண்டது அந்த நூறு படங்களை. தமிழ்ப் படங்கள் பல, திரையரங்குக்கு வந்த நான்கு வாரங்களில் இணையத்துக்கு வந்துவிடுகின்றன; வட்டு வெளிவருவதே அரிதாகிவிட்டது. வாங்குவதற்குச் சரக்கே இல்லாத நிலையில், வாடகையை 15-லிருந்து 5 ஆக்கினாலும் பயன் கிடையாது. கீறல் விழுந்த வட்டு, திரும்பி வராத வட்டு, முன்பணம் 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வருபவர் என்று கடைக்காரருக்கு மட்டுமே உரிய செலவுகளும் உள்ளன. இணைய நிறுவனத்துக்கு இவை எதுவும் கிடையாது. வாடகைக் காலமான 48 மணி நேரம் முடிந்ததும் படம் தானே நின்றுவிடும்.

கேள்வி (உசிலம்பட்டி): எனக்கு இன்னும் கடை இருக்கிறது. அசல் டிவிடி வாங்கி வாடகைக்கு விடுவது சட்டப்படி சரிதானே? பென் டிரைவில் படம் ஏற்றித் தரச் சொல்லியும் பலர் கேட்கிறார்கள்.

இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அசல் கேசட்டை விலைக்கு வாங்கியவர், பட நிறுவனத்தின் அனுமதி கேட்காமலே அதை வாடகைக்கு விடலாம். ‘முதல் விற்பனை’ என்ற கோட்பாடு அதற்கு இடம் தருகிறது. அங்கே அத்தொழில் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு அதுவே அடித்தளம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, திரைப்படப் பிரதியை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமையைப் படத்தின் உரிமையாளருக்கே வழங்குகிறது. ஆகவே வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்று அட்டையில் அச்சிட்ட டிவிடியை, உரிமையாளரின் அனுமதியின்றி வாடகைக்கு விடுவது சரியாகாது. நம் கடைகள் பல ஆண்டுகள் இந்த நிழலிலேயே நடந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ படம் ஏற்றித் தருவதை உடனே நிறுத்திவிடுங்கள், தம்பி. அது நேரடியான திருட்டுப் பிரதி. 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தித் திருட்டு வீடியோ தொழிலையும் அதன்கீழ் கொண்டுவந்தார்கள். முப்பது ரூபாய் வரவுக்காகப் பல மாதங்கள் உள்ளே இருக்கும் நிலை வரலாம். கடை கையில் இருக்கிறது, ஊர் மக்களின் நம்பிக்கை இருக்கிறது என்றால், திருமண கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலைக்கு உங்கள் பகுதியில் கட்டாயம் தேவை இருக்கும். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர்): மாதச் சந்தா கட்டுவது நல்லதா, வேண்டிய படத்தை மட்டும் வாடகைக்குப் பார்ப்பது நல்லதா?

மாதம் ஒன்றிரண்டு படம் பார்க்கும் வீட்டுக்கு வாடகையே போதும். பணம் கட்டியபின் படத்தைத் தொடங்க வழக்கமாக 30 நாள் அவகாசம் உண்டு; தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கைப்பேசி டேட்டாவில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயர் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி, சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் சாதாரணத் தரத்தில்கூட ஒரே நாளில் முடியாது. ‘வாங்கு’ என்ற பொத்தானை நம்பி அதிகப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் பெறுவது பார்க்கும் உரிமம் மட்டுமே, நிறுவனத்தின் உரிமை முடிந்தால் அந்தப் படம் உங்கள் பட்டியலிலிருந்து மறையக்கூடும்.

கேள்வி (மேலூர்): என் அப்பா அறுபது, எழுபதுகளின் படங்களைக் கேட்கிறார். பல படங்கள் எந்தத் தளத்திலும் இல்லை. முன்பு கேசட் கடையில் கிடைத்தவை இப்போது ஏன் கிடைக்கவில்லை?

இந்த மாற்றத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பழைய தமிழ்ப் படங்களின் உரிமை பல கைகள் மாறியது. படம் எடுத்தவர் கடனுக்காக நெகட்டிவ் (மூலப் படச்சுருள்) உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுத்திருப்பார். வீடியோ உரிமை வேறொருவரிடமும், தொலைக்காட்சி உரிமை மூன்றாமவரிடமும் போயிருக்கும். எண்பதுகளில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இணையம் என்ற சொல்லே கிடையாது. இன்று ஒரு தளத்துக்குப் படத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், இந்த உரிமைச் சங்கிலி முழுவதையும் தாள்களோடு காட்ட வேண்டும். வாரிசுகள் மூன்று ஊர்களில் இருப்பார்கள், ஒருவர் கையெழுத்திட மறுப்பார், பத்திரம் செல்லரித்திருக்கும். மாதம் சில நூறு பேர் பார்க்கும் படத்துக்காக இந்தப் பாட்டை எந்த நிறுவனம் படும்? நானே இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்துவருகிறேன். படம் நல்ல நிலையில் இருந்தும் தாள் இல்லாததால் பெட்டிக்குள் கிடப்பவை பல.

கேசட் கடைக்கு இத்தகைய தடை இருந்ததில்லை. ஒரு முறை வாங்கிய கேசட் அலமாரியில் இருக்கும் வரை அந்தப் படம் ஊரில் இருந்தது.

இன்னொரு இழப்பும் உண்டு. உங்கள் தந்தையார் வயதுடைய ஒருவர் கடைக்கு வந்தால் படத்தின் பெயரைச் சொல்லமாட்டார். “அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சு போய், கடைசியில கோயில்ல சேருவாங்களே, அந்தப் படம்” என்பார். கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்டுக் கேசட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். இணையத் தளங்களில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்ச வேண்டியிருக்கிறது. அதையும் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவருக்கு, இருக்கும் படமே இல்லாத படமாகிவிடுகிறது. தளங்கள் தமிழ் எழுத்திலேயே தேடும் வசதியை ஒழுங்காகச் செய்தாலே பாதிக் குறை தீரும். அதைக் கேட்டு நாம் எழுத வேண்டும், எல்லோரும் எழுத வேண்டும்.

தற்போதைக்கு ஒரு வழி: யூடியூபில் உரிமை பெற்ற பழைய வீடியோ நிறுவனங்கள் தாமே பல படங்களை ஏற்றியிருக்கின்றன. உங்கள் தந்தையாரிடம் நடிகர் பெயரையும் ஒரு பாட்டின் முதல் அடியையும் கேட்டுக்கொண்டு, தமிழிலேயே குரல் மூலம் தேடிப் பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): படத்தை நேரடியாக வீட்டுக்குக் கொண்டுவர நம்மவர்களே முயன்றார்கள் அல்லவா?

ஆம். 2013-இல் கமல்ஹாசன் தம் படம் ஒன்றை டிடிஎச் வழியே 1,000 ரூபாய்க் கட்டணத்தில் வெளியிட முனைந்தார்; திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் அது திட்டமிட்டபடி நடக்கவில்லை. 2015-இல் இயக்குநர் சேரன் ‘சினிமா டூ ஹோம்’ என்ற பெயரில் புதுப் படத்தின் டிவிடியை 50 ரூபாய்க்கு வீடுகளுக்கே விற்றார். இரண்டாவது முயற்சியில், எங்களைப் போன்றோருக்கும் சட்டப்படியான ஒரு பங்கு கிடைத்திருக்கக்கூடும் என்பதால் அது நிலைக்காமற் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேள்வி (செல்லூர்): என் மாமா கடையை மூடிவிட்டார். மூட்டை மூட்டையாகக் கேசட் இருக்கிறது. எடைக்குப் போடலாமா?

போட்டுவிடாதீர்கள். முதலில் பிரித்துவையுங்கள்: கடைப் படங்கள் ஒருபுறம், யாரோ கொடுத்துவிட்டு வாங்காமற்போன திருமண, காதுகுத்துக் கேசட்டுகள் மறுபுறம். இரண்டாவது வகை வேறெங்கும் கிடைக்காது; பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைக் கொண்டு உரியவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள்.

ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, சன்னல் போன்ற கண்ணாடிப் பகுதி வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் அது ஒட்டும். அவற்றைத் தனி உறையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நல்லவற்றை ஒரு முறை முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, அதன் பிறகு கணினிக்கு மாற்றுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமும் ஆகும். விரைவு வழி கிடையாது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் (அதாவது டெக்) தயாரிப்பை நிறுத்தியபின் புது டெக் சந்தைக்கு வருவதில்லை என்பதால், மாமாவின் டெக் ஓடும் நிலையில் இருந்தால் அதைக் கேசட்டுகளைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப் படங்களைப் பிரதியெடுத்து விற்கவோ இணையத்தில் ஏற்றவோ உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் எந்தத் தளத்திலும் இல்லாத படம் என்று தெரிந்தால், தலைப்பு, வீடியோ நிறுவனத்தின் பெயர், அட்டையில் உள்ள தணிக்கைச் சான்றிதழ் விவரம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அட்டைகளையும் கடையின் பழைய வாடகை நோட்டுகளையும் பொறுத்தவரை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அவற்றுள் எவற்றின் உரிமைத் தாள்கள் யாரிடம் இருக்கக்கூடும் என்று என்னால் இயன்றவரை குறித்துத் தருகிறேன்.