மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52. உதட்டோரத்திலும் இடது முன்கையிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, அதே இடத்தில், வட்டமாகச் சிவந்து எரிகிறது. பிறகு கருத்துப்போய் மாதக்கணக்கில் மறைவதில்லை. பல்லி எச்சம் பட்டிருக்கும் என்கிறார் மனைவி. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெடும் நாட்களில்தான் பெரும்பாலும் வருகிறது. இது உணவு அலர்ஜியா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பல்லியை விட்டுவிடலாம், சாப்பாட்டின் மீதும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வயிறு கெட்ட அன்று என்ன மாத்திரை விழுங்கினீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வட்டமாகத் தோன்றி, கருந்தழும்பை விட்டுச்செல்லும் தடிப்பு பெரும்பாலும் மருந்தினால் வருவது. தோல் மருத்துவத்தில் இதை நிலைத்த மருந்துத் தடிப்பு என்கிறோம். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல், டினிடசோல், நார்ஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவையும், சில வலி மாத்திரைகளும் இதற்குப் பெயர்போனவை. முதல் முறை தடிப்பு வந்தபோதே நோய் எதிர்ப்பு அணுக்களில் சில அந்தத் தோலிலேயே தங்கிவிடுகின்றன. அதே மருந்து மறுபடி உடலுக்குள் வந்ததும், சில மணி நேரத்திலேயே அங்கே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உதடும் பிறப்புறுப்பும் இதற்கு வழக்கமான இடங்கள் என்பதால், பலர் வெட்கப்பட்டு, பால்வினை நோயோ என்று பயந்து, வெளியே சொல்லாமலேயே இருந்துவிடுகிறார்கள்.

மருந்தைக் கண்டுபிடிப்பதில்தான் நமக்குச் சிக்கல். இரண்டு மாத்திரை போதும் என்று கேட்டால் மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார்கள். பெயரில் பாதி உங்கள் கையிலும் மீதி கடையிலுமாகப் போய்விடுகிறது. அடுத்த முறை வேறு கம்பெனி மாத்திரை தருவார்கள். மேலே பெரிதாக அச்சிட்ட பெயர் மாறியிருக்கும். பின்புறம் பொடி எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயர் மாறியிருக்காது. ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். தடிப்பு வந்த நாளில் அந்த அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். இந்த மாத்திரைதானா என்று பார்க்க நீங்களே மறுபடி விழுங்கிச் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் புதிய இடங்களிலும் வரலாம். சிலருக்குக் கொப்புளமாகவும் மாறும்.

கேள்வி: என் குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி இடத்தில் இப்போது கட்டி வந்து சீழ் வைத்திருக்கிறது. பிதுக்கிவிட்டு மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம். இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் கட்டி எழுவதும், சீழ் வைத்து உடைவதும், தானே ஆறித் தழும்பாவதும் அந்தத் தடுப்பூசியின் இயல்பு. பிதுக்காமல், களிம்பு தடவாமல், கட்டுப்போடாமல், வழக்கம்போல் குளிப்பாட்டுங்கள். அக்குளில் நெறி கட்டினாலோ, புண் பெரிதாகிக்கொண்டே போனாலோ, மூன்று மாதத்துக்கு மேலும் ஆறாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறாம் வாரத்தில் தொடையில் போடும் ஊசியைத் தள்ளிப்போட இது காரணமே அல்ல.

கேள்வி: வலிப்புக்காக என் தந்தைக்குக் கார்பமசெபின் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண், உடலெல்லாம் சிவந்த புள்ளிகள். அம்மை என்று உறவினர்கள் வேப்பிலை வைத்துவிட்டார்கள். தோல் உரியத் தொடங்கிய பிறகே மருத்துவமனையில் சேர்த்தோம், பிழைத்துவிட்டார். இனி எந்த மருந்து அவருக்கு ஆகாது? எங்களுக்கும் இது வருமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நீங்கள் விவரிப்பது ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி போலத் தெரிகிறது, வெளியேற்றச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 28 நாட்களுக்குள் வரும் வினை இது. வலிப்புக்கான ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், கீல்வாதத்துக்கான அலோப்யூரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவற்றாலும் வரும். அம்மையென்று நினைப்பதில் வியப்பில்லை. காய்ச்சலும் கொப்புளமும் இரண்டிலும் உண்டு. ஆனால் சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் அரிக்கும். இதில் தோல் வலிக்கும், தொட்டாலே எரியும், கண்ணும் வாயும் புண்ணாகும். அம்மைக்கு மருந்தே கூடாது என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில், வலிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஏனென்றால், காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு கூடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்குப் போய், அங்கேதான் மாற்று மருந்துக்கு மாற வேண்டும்.

உங்கள் தந்தைக்குக் கார்பமசெபினும் அதனோடு உறவுடைய ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் ஆகியவையும் இனி ஆகாது. லாமோட்ரிஜினையும் நரம்பியல் மருத்துவர் யோசித்தே தருவார். எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபினால் இவ்வினை வரும் அபாயம் மிக அதிகம் என்பதை 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்த வகை இந்தியர் சிலரிடமும் உண்டு, பிள்ளைகளுக்கும் வரலாம். எனவே உங்களில் எவருக்காவது இம்மருந்து தேவைப்பட்டால், தந்தைக்கு நேர்ந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துகளின் மூலப்பெயர்களை ஒரு அட்டையில் எழுதித் தந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். அலர்ஜி இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால், அவசரப் பிரிவில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

கேள்வி: மருந்தாலோ தடுப்பூசியாலோ தடிப்பு வந்தால் பொதுமக்கள் நேரடியாகப் புகார் செய்ய முடியுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முடியும், புகார் என்பதைவிடத் தகவல் என்றே கொள்ளுங்கள், எவர் மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதன் தேசிய மையம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ உறவினரோ பேசலாம். பல மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உள்ளன. மருந்தின் மூலப்பெயர், கம்பெனி, பேட்ச் எண், எதற்காக, எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், தடிப்பு எந்தத் தேதியில் வந்தது என்பவற்றைக் கேட்பார்கள். தடுப்பூசியென்றால் ஊசி போட்ட சுகாதார நிலையத்திலேயே முதலில் சொல்லுங்கள். அங்கிருந்து மேலே அனுப்புவதற்குத் தனி வழிமுறை இருக்கிறது.