வீடு ஏன் ஆடுகிறது?

கேள்வி: கல்லூரித் தோழிகள் எட்டுப் பேர் சேர்ந்து தாய்லாந்து போய், புக்கெட்டிலிருந்து பாய்மரப் படகில் ஆறு நாள் தீவு தீவாகச் சுற்றினோம். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி, படகில் எனக்குக் குமட்டல்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஆகிறது, சும்மா நின்றால் தரை மெல்ல ஏறி இறங்குகிறது. முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கி மலையேறிய பேருந்தில் ஒன்றுமே தெரியவில்லை. கணவர் பிரஷர் குறைவு என்கிறார், மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டார். அப்புறம், கடல் தண்ணீர் பட்ட துணிகள் எத்தனை முறை உலர்த்தினாலும் பிசுபிசுக்கின்றன, என்ன செய்ய?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று எழுதவில்லையே!

நீங்கள் வேடிக்கை என்று எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறும் அந்த ரோட்டில் பக்கத்து சீட்டுக்காரர்கள் பாலிதீன் பையைத் தேடும்போது நீங்கள் மட்டும் தெம்பாக இருந்தீர்கள் என்றால், இது பெரும்பாலும் கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு வருகிற ஆட்டம்தான். ஆறு நாளும் அலை தூக்கித் தூக்கிப் போட, மூளை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஏற்றாற்போல் உடம்பை நிறுத்தப் பழகிவிட்டது, தரைக்கு வந்தபிறகும் அந்தப் பழக்கத்தை உடனே விடவில்லை என்பதுதான் மருத்துவர்கள் தரும் விளக்கம். பேருந்தில் நிஜமாகவே அசைவு இருப்பதால் கணக்கு ஒத்துப்போகிறது, வீட்டுக் கூடத்தில் ஒத்துப்போவதில்லை.

நானும் ஒருமுறை ராமேஸ்வரத்தில் விசைப்படகில் ஓர் இரவு போய்விட்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது, கிளாஸில் இருந்த டீ கொட்டிவிடும் என்று பயந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் சிரித்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும், நல்லா தூங்குங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும்.

அதுவரை படுத்தே கிடக்காதீர்கள். ஏரியைச் சுற்றி நடங்கள், கண் தூரத்து மரத்தில் இருக்கட்டும், படகுத்துறைப் பக்கம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காமல் ஆட்டம் கூடலாம், அந்த நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கும் வேலை கூடாது. ராத்திரி குளியலறை விளக்கு எரியட்டும். பயண வாந்திக்குப் போடும் மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை, தூக்கம்தான் வரும்.

ஒரு வாரம் தாண்டியும் ஆடினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு, குறிப்பாக நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு, இது மாதக்கணக்கில் நீள்வது உண்டு. காது அடைத்துக் கேட்காமல் போவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிவது போன்றவை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அது படகு விஷயம் இல்லை.

துணிக்கு வருவோம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே கொடியில் மாதம் முழுக்கத் தொங்கினாலும் இதே கதைதான். சோப்பு போடும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்து அலசுங்கள். பையின் ஜிப்பையும் அப்படியே கழுவிவிடுங்கள், உப்பு தங்கினால் அடுத்த பயணத்தின்போது அது திறக்காது.