மணிவிழா ஆல்பத்துக்குக் கொடுத்த படங்கள் ஏன் மங்குகின்றன?

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘வரும் தை மாதம் என் கணவருக்கு மணிவிழா. பழைய படங்களை வைத்து ஆல்பம் போடலாம் என்று முப்பது படங்களைப் பொறுக்கி ஸ்டூடியோவில் கொடுத்தேன். பாதிக்கு மேல் ரெசல்யூஷன் பத்தாது, மங்கலாக வரும் என்கிறார்கள். கணினியில் பன்னிரண்டு வருடப் படங்கள் கிடக்கின்றன. பழைய கேமரா, இரண்டு போன், வாட்ஸ்அப் என்று எல்லாம் கலந்து, ஒரே படம் மூன்று இடத்தில் இருக்கிறது. முன்பு பிகாசா என்ற மென்பொருளில் பார்ப்பேன், திருத்துவேன். இப்போது எதில் ஒழுங்கு செய்வது? கோவையிலிருக்கும் மகளுக்கு எப்படி அனுப்புவது?’

ஸ்டூடியோக்காரர் சொல்வது சரிதான். உங்கள் மற்ற சிக்கல்களுக்கும் அதிலேயே விடை இருப்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

பிரின்ட் தெளிவாக விழ, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (பிக்சல்கள்) இருந்தால் நல்லது. 200 இருந்தாலும் ஒப்பேறிவிடும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்து சேரும்போது நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 ஆகச் சுருங்கிவிடும். நாலுக்கு ஆறு அங்குலப் பிரின்ட் போட்டால் அங்குலத்துக்கு 266 புள்ளி வரும், குறை தெரியாது. ஆனால் கல்யாண ஆல்பங்களில் வருவது போல 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க அதை விரித்தால், அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. புடவையின் ஜரிகை கரைந்துவிடும், கண்ணோரச் சுருக்கம் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். எந்த மென்பொருளாலும் போன புள்ளிகளை உள்ளபடியே திருப்பித் தர முடியாது. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் படத்தைப் பளிச்சென்று ஆக்கும்தான். ஆனால் இல்லாத விவரத்தை ஊகித்து வரையும். உங்கள் கணவரின் முகத்தை அப்படி ஊகிக்க விடாதீர்கள்.

எந்தப் படம் அசல் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், டீடெயில்ஸ் பகுதியைப் பாருங்கள். எடுத்த தேதி, கேமராவின் மாடல், 4000க்கு 3000 போன்ற பெரிய அளவு எல்லாம் இருந்தால் அது அசல். தேதியும் மாடலும் காலியாக, அளவு 1600க்கு 1200 என்று இருந்தால் வாட்ஸ்அப் வழியே வந்தது. கோப்பின் பெயரில் டபிள்யூ, ஏ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தாலும் அதேதான். அந்தப் பெயரில் உள்ள தேதி படம் உங்களுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. இதை நம்பித்தான் பலர் வருடத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அசல் உங்களிடம் இல்லையென்றால் யார் எடுத்தார்களோ அவர்களிடம் கேளுங்கள். மச்சினர் போனிலோ அவருடைய பழைய லேப்டாப்பிலோ அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பட்டும், ஆனால் போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக. பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு, டாக்குமென்ட்டைத் தேர்ந்து, படத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி வந்தால் ஒரு புள்ளியும் குறையாது, தேதியும் அழியாது. எச்டி என்று ஒரு வசதி 2023இல் வந்தது. அது சாதாரணத்தைவிட மேல், ஆனாலும் சுருக்கித்தான் அனுப்பும்.

இனி ஒழுங்கு செய்வது. தொடங்கும்போது எதையும் டெலீட் செய்யாதீர்கள். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, அதில் ‘அசல்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ‘பழைய கேமரா’, ‘அப்பா போன்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனி உள்ஃபோல்டர் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. காரணம், கேமரா படங்களுக்கு 9999 வரை எண் கொடுத்துவிட்டு மறுபடி 0001இலிருந்து தொடங்கும். ஆக, 2012இல் எடுத்த ஒரு படமும் 2015இல் எடுத்த வேறொரு படமும் ஒரே பெயரில் இருக்கக்கூடும். கொட்டும்போது கணினி ‘ரீப்ளேஸ் செய்யட்டுமா’ என்று கேட்கும். ஆமாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஒரு படம் போயே போய்விடும். போனை கேபிளில் இணைக்கும்போது ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்து, காப்பி மட்டும் செய்யுங்கள், கட் வேண்டாம். காப்பி செய்கையில் கோப்பின் தேதி மாறிப்போகலாம். அதனால் வரிசைப்படுத்தும்போது ‘டேட் டேக்கன்’ என்பதை மட்டும் பாருங்கள்.

பிகாசா பயன்படுத்தியவர் என்பதால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதில் நீங்கள் ஒரு படத்தைத் திருத்தி சேவ் செய்தபோதெல்லாம், திருத்தாத மூலத்தை அதே ஃபோல்டருக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ஓர் உள்ஃபோல்டரில் அது பத்திரப்படுத்தியது. பிகாசா ஒரிஜினல்ஸ் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியுடன் இருக்கும். விண்டோஸில் வியூ மெனுவுக்குள் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்தால் கண்ணுக்குத் தெரியும். வெட்டிச் சிறிதாக்கிவிட்டோமே என்று நீங்கள் நினைக்கும் படங்கள் முழுசாக அங்கே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆல்பத்துக்கு முதலில் அங்கே தேடுங்கள். பிகாசாவில் திருத்திவிட்டு சேவ் அழுத்தாமல் விட்டவை வேறு மென்பொருளில் திருத்தாத படமாகவே தெரியும், பதற வேண்டாம்.

பிகாசாவை கூகுள் 2016இல் நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு நான் சொல்வது டிஜிகேம் (digiKam) என்ற மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களை அடையாளம் காணும் வேலையை உங்கள் கணினியிலேயே செய்யும், படங்களை எங்கும் ஏற்றாது. முதல் வாரம் கொஞ்சம் மிரட்டும். எல்லாப் பட்டன்களையும் தெரிந்துகொள்ள அவசியமில்லை. ஒரே மாதிரிப் படங்களைத் தேடித்தரும் வசதி அதில் உண்டு. மூன்று பிரதிகளில் அளவு பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள், அதையும் ‘அசல்’ ஃபோல்டரில் அல்ல, அதிலிருந்து எடுத்த காப்பியில் செய்யுங்கள். பழைய கேமராவில் பேட்டரி தீர்ந்து தேதி தப்பாகப் பதிந்திருந்தால், அத்தனை படங்களையும் சேர்த்து ஒரே தடவையில் திருத்தவும் அதில் வழி இருக்கிறது.

ஃபோல்டர் பெயரை ‘2014-05-18 திருச்செந்தூர் காதுகுத்து’ என்று வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். தானாகவே காலவரிசையில் நிற்கும். தமிழிலேயே எழுதலாம், விண்டோஸுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆட்களின் பெயரில் ஃபோல்டர் போடாதீர்கள். ஒரு படத்தில் ஐந்து பேர் இருந்தால் எதில் வைப்பீர்கள்? அதற்குத்தான் முகத்தின் மேல் பெயரிடும் வசதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்களையும் ஆல்பத்தில் சேர்ப்பீர்கள் அல்லவா? அவற்றை ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுங்கள், அப்போதுதான் பெரிதாக்க முடியும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, பின்வரிசையில் நிற்பது யார் என்று கேட்டுக் கேட்டுப் பெயர் போடுங்கள். எங்கள் பெரியம்மாவுடன் ஒரு மதியம் அப்படி உட்கார்ந்தேன். இருபது படங்கள்தான் முடிந்தன. ஆனால் எங்கள் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திருத்தும் விஷயத்தில் கொஞ்சமாகச் செய்வதே நல்லது. சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள், முகம் இருட்டாக இருந்தால் நிழல் பகுதியை மட்டும் வெளிச்சமாக்குங்கள். தோலை வழவழப்பாக்கும் வசதியைத் தொட வேண்டாம். வெட்டும்போதும் யோசியுங்கள்: ஓரத்தில் தெரியும் பழைய வீட்டுத் திண்ணை, சுவரில் தொங்கும் நாள்காட்டி, இவைதான் பிற்பாடு பேசவைக்கும். முடித்ததும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, பெயரின் கடைசியில் ‘திருத்தியது’ என்று சேர்த்துத் தனிக் கோப்பாக வையுங்கள். ஜேபெக் (jpg) வகைப் படத்தை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் குறையும். ஓரிரு முறையில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அசலின் மேலேயே சேமித்தால் வெட்டிய பகுதி திரும்ப வராது.

மகளுக்கு அனுப்ப, கூகுள் போட்டோஸில் ஓர் ஆல்பம் போட்டுப் பகிர்வது எளிது. பேக்கப் அமைப்பில் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்தில் சேரும். ஜிமெயிலும் அதே இடத்தைத்தான் பங்குபோடுகிறது. இன்னொன்று, பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியிலிருந்து அழித்தால் போனிலும் கூகுளின் இணையச் சேமிப்பிலும் சேர்ந்தே அழியும். ஆகவே அதைப் பகிரும் இடமாக வையுங்கள், பாதுகாக்கும் பெட்டகமாக அல்ல.

பாதுகாப்புக்கு மூன்று பிரதி வேண்டும்: கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. அப்பா ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படங்களை நான் ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து அது கீழே விழுந்தது, அதன்பின் திறக்கவே இல்லை. தம்பிக்கு மெயிலில் அனுப்பச் சுருக்கிய ஏழு படங்கள் மிஞ்சின, அகலம் 640 புள்ளி. அப்பா மாலையோடு நிற்கும் படத்தைச் சட்டம் போட ஆசைப்பட்டேன். பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் போட முடிந்தது. எனவே இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாப் படங்களையும் காப்பி செய்து, மகள் ஊருக்கு வரும்போது கையில் கொடுத்தனுப்புங்கள்.

தை மாதத்துக்குள் பன்னிரண்டு வருடமும் ஒழுங்காகிவிடாது. இப்போதைக்கு அந்த முப்பது படங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அசல் எங்கே, யாரிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அசல் கிடைக்காதவற்றை ஆல்பத்தில் சிறிய அளவில், ஒரே பக்கத்தில் நாலைந்தாக வைக்கச் சொல்லுங்கள், அழகாகவே வரும். ஸ்டூடியோவுக்குப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்று அவர்கள் கேட்டால், டாக்குமென்டாக மட்டும்.