தாராவி தெரிந்த திரை

கேள்வி: ‘நாயகன்’, ‘பம்பாய்’, ‘காலா’ ஆகிய மூன்றும் மும்பைத் தமிழரின் வாழ்க்கையைக் காட்டும் படங்களாகப் பேசப்படுகின்றன. ஒரு ரசிகராகத் தாங்கள் எதை உயர்வாகக் கருதுகிறீர்கள்? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: தயக்கமின்றி, 2018இல் வெளிவந்த ‘காலா’வையே சொல்வேன். 1987இன் ‘நாயகன்’ கலைநயத்தில் அதைவிட மேலான படம் என்பதை மறுக்கவில்லை. தமிழர் மிகுந்து வாழும் மும்பைக் குடிசைப் பகுதியான தாராவியைப் போலச் சென்னையில் தோட்டா தரணி எழுப்பிய படப்பிடிப்பு அரங்கமும், பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், கமல்ஹாசனின் நடிப்பும் தேசிய விருது பெற்றவை. ஆனால், கடத்தல் தலைவன் ஒருவனை நாயகனாக்கிய அப்படம் வந்தபின் தாராவித் தமிழர் என்றாலே கடத்தல்காரர் என்று எண்ணிய மனிதர்களை நான் அலுவலகத்திலும் மின்சார ரயிலிலும் சந்தித்திருக்கிறேன். அந்த வலி இன்னும் ஆறவில்லை. ‘காலா’வோ குடியிருக்கும் நிலத்தின் மீதான உரிமையைப் பேசியது. ஈஸ்வரி ராவ் பேசிய நெல்லைத் தமிழைத் திரையில் கேட்டபோது, தண்ணீர்க் குழாயடியில் நின்ற என் அத்தையின் குரலே கேட்டது. இறுதிக் காட்சிகள் மட்டும் சற்று நீண்டுவிட்டன.

இந்து-முஸ்லிம் கலவரத்தைக் காட்டி 1995இல் வந்த ‘பம்பாய்’க்கு எழுந்த எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இந்நகரம் எரிந்ததை நேரில் கண்டவர்களுக்கு, அதைச் சொல்ல ஒரு படமாவது தேவைப்பட்டது. எனினும், மக்கள் கைகோத்து நிற்பதோடு கலவரம் அடங்கிவிடும் அந்த முடிவை என் மனம் இன்றும் நம்ப மறுக்கிறது.