ஏஞ்சல் முட்டை வெளுக்கிறதா? மீட்டரை வைத்துவிட்டுச் சொட்டை எண்ணுங்கள்

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். கைச்செலவுக்கு ஆகட்டும் என்று வீட்டின் பின்கட்டில் கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்து விற்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். கப்பியும் மோலியும் நன்றாகப் பெருகுகின்றன. ஏஞ்சல் ஜோடி மட்டும் முட்டையிட்டால் இரண்டே நாளில் அத்தனையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடுகிறது. கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைப் படிவு வேறு. டிடிஎஸ் மீட்டர் 1,400 காட்டுகிறது. 'தண்ணீர் ரொம்பக் கடினம், சாஃப்ட்னர் பொருத்துங்கள்' என்கிறார் கடைக்காரர். கடினத்தன்மையை வீட்டிலேயே அளக்க முடியுமா? சாஃப்ட்னர் வாங்கலாமா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: சாஃப்ட்னர் வேண்டாம். அதற்கு ஆகும் பணத்தில் சிறு பங்கைச் செலவழித்து, சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். மீன் கடைகளில் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (பைகார்பனேட் அளவு) என்று இரண்டு புட்டிகளாகக் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

முதலில் அந்த 1,400-ஐப் பார்ப்போம். மீட்டர் உங்கள் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, மொத்தம் இவ்வளவு உப்பு கரைந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மை என்பதோ கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் கணக்கு. மேட்டு நிலத்து ஊர்களில் மீட்டரை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். நம் கரையோரத்தில் அது செல்லாது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு சாதாரணச் சோற்றுப்பு. ஆகவே கடல் ஊறியதால் ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு ஏறியிருந்தால், அதனால் வரும் கடினத்தன்மை சுமார் 10 டிகிரிதான் (டிகிரி என்பது இங்கே கடினத்தன்மையின் அளவு; வெப்பமன்று). அதே 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புப் பாறை கரைந்து வந்ததாக இருந்தால் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மண்டபம், பாம்பன் பக்கம் நிலத்தடியில் பவளச் சுண்ணாம்பும் உண்டு, கடலும் பக்கத்திலேயே உண்டு. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்து உங்கள் குழாயில் வருகின்றன என்பதை மீட்டர் சொல்லாது. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்பதெல்லாம் சந்தேகப்பட உதவும். அளவு சொல்ல உதவாது. அதிலும் சோப்பு, வெறும் உப்புக் கரிக்கும் தண்ணீரிலும் நுரைக்க அடம்பிடிக்கும்.

சோதனை இப்படி. மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடியுங்கள். குழாயிலேயே நின்றுகிடந்த நீர் வேண்டாம். பெட்டியில் உள்ள கண்ணாடிக் குப்பியை அதே நீரில் இரண்டு முறை அலசிவிட்டு, 5 மில்லி கோடு வரை நிரப்புங்கள். கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஜிஎச் புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்த்து ஒரு சொட்டு விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும். மூடிபோட்டுக் குலுக்குங்கள். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி குலுக்கல். ஆரஞ்சிலிருந்து பச்சை, சிவப்பிலிருந்து பச்சை என்று பெட்டிக்குப் பெட்டி நிறம் வேறுபடும். வழிகாட்டித் தாளைப் படித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சொட்டுக்குக் கலங்கலான பழுப்பு வரும். அது முடிவன்று. நிறம் முழுவதும் மாறும் சொட்டு எத்தனையாவதோ அத்தனை டிகிரி என்பதுதான் பெரும்பாலான பெட்டிகளில் கணக்கு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு. குழல்விளக்கு வெளிச்சத்தை நம்பாமல், பகலில் வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள்.

உங்கள் தண்ணீருக்கு இருபது, இருபத்தைந்து சொட்டு ஆகலாம். எண்ணிக்கை தவறும், மருந்தும் வீண். 1 மில்லி கிணற்று நீரோடு 4 மில்லி பேட்டரித் தண்ணீர் சேர்த்துச் சோதித்து, விடையை ஐந்தால் பெருக்குங்கள். ஆட்டோ உதிரிபாகக் கடையில் காய்ச்சி வடித்த நீர் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி ஆசிட் அன்று, கவனம். அந்த நீரை மட்டும் தனியாக 5 மில்லி எடுத்துச் சோதித்தால் முதல் சொட்டிலேயே இறுதி நிறம் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த நீர் சரியில்லை, அல்லது மருந்து பழசாகிவிட்டது. இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாமல் பெட்டியை நம்பாதீர்கள். காகிதப் பட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. நம் உப்புக் காற்றின் ஈரத்தில் திறந்த டப்பா விரைவிலேயே கெட்டுவிடும்.

கேஎச் சோதனையும் இதே முறைதான். அது பைகார்பனேட்டின் அளவைச் சொல்கிறது. ஜிஎச் மிக அதிகமாகவும் கேஎச் குறைவாகவும் வந்தால், அது கொதிக்க வைத்தாலும் போகாத நிரந்தரக் கடினத்தன்மை. பானை பானையாகக் காய்ச்சி ஊற்றுவதில் பயனில்லை. ஆய்வக அறிக்கையும் வேண்டுமானால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். அதில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கடினத்தன்மைக் கணக்கில் தனித்தனியே பாருங்கள். மக்னீசியத்தின் பங்கு ஓங்கியிருந்தால் கடல் நீர் ஊறுவதாகச் சந்தேகிக்கலாம். அது மீனைவிட உங்கள் தோப்புக்குத்தான் பெரிய செய்தி. மே மாதம் ஒரு முறை, மழை முடிந்ததும் ஒரு முறை பாருங்கள். ஒரே கிணறு இரு விதமாகப் பேசும்.

சாஃப்ட்னரை ஏன் தடுத்தேன் என்றால், அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சொட்டுச் சோதனையில் கடினத்தன்மை பூச்சியம் என்று வரும். மீட்டர் அதே 1,400-ல் நிற்கும். ஏஞ்சல் அமேசான் ஆற்று மீன். அதற்கு வேண்டியது எல்லா உப்பும் குறைந்த நீர். உப்பை உப்பால் மாற்றிக் கொடுத்தால் துணி வெளுக்கும், முட்டை பொரிக்காது.

நமக்கு வாய்த்த மருந்து மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். மாடியில் சுண்ணாம்பு அடித்திருந்தாலோ, புதுச் சிமெண்ட் தொட்டியில் சேமித்தாலோ மழைநீரே கடின நீராகிவிடும். மழையில்லாத காலத்தில் ஆர்ஓ நீர். மீட்டருக்கு இங்கேதான் வேலை: சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாது சேர்த்துவிடும், 50-க்குள் காட்டுகிறதா என்று பார்த்து எடுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாய் நீர் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

கலக்கும் கணக்கு எளிது. கிணற்று நீர் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதில் 10 லிட்டரோடு 30 லிட்டர் மழைநீர் சேர்த்தால் 6 டிகிரி. ஏஞ்சல் முட்டைக்கு 4 முதல் 8 வரை போதும். கேஎச் மட்டும் 3-க்குக் கீழே போகவிடாதீர்கள். போனால் அமிலத்தன்மை திடீரென்று ஏறி மீனே சாயும். ஒரே நாளில் மாற்றாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். கப்பி, மோலித் தொட்டிகளில் கை வைக்க வேண்டாம். அவை கடின நீரில் தழைக்கும் இனங்கள்.

கண்ணாடியில் படியும் வெள்ளை, நீர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் சுண்ணாம்பு. குறைந்த அளவைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால், ஆவியானது நீர் மட்டுமே என்பதால், உப்பு மாதாமாதம் ஏறும். நம் ஊர்க் காற்றுக்கு இது வேகமாக நடக்கும். குறைவதை மழைநீரால் அல்லது ஆர்ஓ நீரால் மட்டும் நிரப்புங்கள். தொட்டிக்குள் கிளிஞ்சல், சங்கு, கடற்கரை மணல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை நீரில் சுண்ணாம்பைக் கசியவிடும். சந்தேகமான கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஆகாது. பவளத் துண்டு வைத்திருந்தால் அது வேறு வம்பு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

இன்னொன்று. தண்ணீரின் மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன், ஜோடி உண்மையிலேயே ஜோடிதானா என்று பாருங்கள். ஏஞ்சலில் இரண்டு பெட்டைகள் சேர்ந்துகொண்டு முட்டையிடுவது சர்வசாதாரணம். ஒன்றுவிடாமல் அத்தனை முட்டையும் வெளுப்பது எனக்கு அந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் தருகிறது. முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றில் நீளும் குழலைக் கவனியுங்கள்: ஆணுக்கு ஒல்லியாகக் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மொட்டையாக இருக்கும். இரண்டும் தடித்திருந்தால் மழைநீருக்குக் காத்திராமல் ஓர் ஆணை வாங்கி விடுங்கள்.