மணிவிழாவுக்கு ஒரு பழைய ஷாம்பெய்ன்

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் மணிவிழா. காலையில் கோயிலில் சடங்கு, மாலையில் வீட்டில் இருபது பேருக்கு விருந்து. மகளுக்கு அவள் வேலை செய்யும் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பரிசளித்த ஷாம்பெய்ன் போத்தல் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அதில் 2012 என்று போட்டிருக்கிறது. அன்று அதைத் திறக்கலாம் என்கிறாள். இவ்வளவு பழையது கெட்டுப்போயிருக்காதா? எங்கள் வீட்டில் யாருக்கும் இதில் பழக்கமில்லை. எப்படிப் பரிமாறுவது?
- வாசகி, செங்காங்

பதில்: பழையதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்க நினைப்பது, அந்தப் பெட்டி இந்த இரண்டு ஆண்டுகளும் எங்கே இருந்தது என்பதைத்தான். நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இப்படிப்பட்ட பரிசுகள் போய்ச் சேரும் இடம் எனக்குத் தெரியும்: சமையலறை அலமாரியின் உச்சி. இல்லையென்றால் இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பறையில் அரிசி மூட்டைக்கும் பயணப் பெட்டிகளுக்கும் நடுவே. இரண்டும் 30 பாகை வெப்பம் உள்ள இடங்கள்.

பெரும்பாலான ஷாம்பெய்ன்களில் ஆண்டு போட்டிருக்காது. பல ஆண்டு விளைச்சல்களைக் கலந்து, எப்போதும் ஒரே சுவை வரும்படி செய்வார்கள். விளைச்சல் நன்றாக அமைந்த ஆண்டில் மட்டும், அந்த ஒரே ஆண்டின் திராட்சையை வைத்துத் தனியாகச் செய்வதுதான் விண்டேஜ். பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் 2012இல் பனியும் ஆலங்கட்டி மழையும் விளைச்சலைப் பெரிதும் குறைத்தன. தப்பித்த திராட்சையோ அருமையாகப் பழுத்தது. அதனால் அந்த ஆண்டுக்கு நல்ல பெயர். விண்டேஜ் ஷாம்பெய்ன் குறைந்தது மூன்று ஆண்டுகள் நிலவறையில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியோடு ஆண்டுக்கணக்கில் கிடப்பதால்தான் அதற்குச் சுட்ட ரொட்டியும் வறுத்த முந்திரியும் கலந்தது போன்ற மணம் வருகிறது. மண்டியைக் கடைசியில் வெளியேற்றிவிட்டுத்தான் கார்க் போடுவார்கள். நீங்கள் காசு கொடுப்பது (உங்கள் விஷயத்தில் மகளின் முதலாளி கொடுத்தது) அந்தக் காத்திருப்புக்குத்தான். அங்கே பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரில் தூங்கிய போத்தலை இங்கே அடுப்புக்கு மேலே தூங்க வைத்தால், பத்து ஆண்டு உழைப்பை ஓரிரு ஆண்டில் தொலைக்கலாம்.

பயப்பட வேண்டாம், பார்த்துவிடலாம். கார்க் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. ஊற்றும்போது நிறம் பழைய தங்கம் போல இருப்பதும், குமிழிகள் கொஞ்சம் அடங்கியிருப்பதும் வயதின் அடையாளங்கள், குறை அல்ல. தேநீர் நிறத்துக்குப் போய், அடிபட்டு அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாசனை மட்டும் வந்தால் வெப்பம் வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். எதற்கும் இன்றே அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். ஒரு மாதம் அங்கே இருப்பதால் ஒன்றும் ஆகாது.

விழா நாளில் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சாதாரண ஷாம்பெய்னுக்கு 8 முதல் 10 பாகை சரி, விண்டேஜுக்கு 10 முதல் 12. பல்லைக் கூச வைக்கும் குளிரில் மணம் எழாது. நம் ஊர் வெப்பத்தில் குவளைக்குள் விழுந்ததும் அது தானாகவே இரண்டு மூன்று பாகை ஏறிவிடும். ஐஸ் வாளி வைப்பதானால் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் கட்டிகளைக் குவித்தால் போத்தலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடுமே தவிர, குளிர் பரவாது. உறைபெட்டிப் பக்கம் போகாதீர்கள். அரை மணி நேரம் என்று நினைத்து வைத்து, மறந்து, மறுநாள் காலையில் கண்ணாடித் துண்டுகளையும் உறைந்த மீனையும் ஒன்றாகப் பொறுக்கிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

திறப்பதை மாப்பிள்ளைகளிடம் விடாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் காரின் சக்கரக் காற்றைவிட இரு மடங்குக்கும் மேல். வேகமாகப் பறக்கும் கார்க் கண்ணைப் பறிக்கும், மின்விசிறியையும் விடாது. கட்டைவிரலைக் கார்க் மேல் அழுத்தியபடி கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்துங்கள். கம்பிக்கூட்டைக் கழற்றாமலேயே கார்க்கை ஒரு கையால் இறுகப் பிடித்து, போத்தலைச் சாய்த்து, மறு கையால் போத்தலை மட்டும் திருப்புங்கள். கார்க் தானே ஏறி வரும். அதை வெளியே இழுக்காமல் தடுத்துத் தடுத்து விட்டால் ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு வந்து நிற்கும். வெடிச் சத்தம்தான் கொண்டாட்டம் என்று நினைப்பவர்களுக்குத் தீபாவளி இருக்கிறது.

ஒல்லியான உயரக் குவளைகளை வாடகைக்கு எடுக்க வேண்டாம். அவற்றில் குமிழி அழகாகத் தெரியும், மூக்கு நுழையாது. வெள்ளை வைனுக்கான சாதாரணக் குவளையே விண்டேஜுக்கு மேல். சோப்பு வாசனை துளியும் இல்லாமல் வெந்நீரில் அலசுங்கள், ஏனென்றால் சவர்க்காரம் நுரையைக் கொன்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், குமிழிகள் பிறப்பது பெரும்பாலும் துண்டிலிருந்தோ காற்றிலிருந்தோ ஒட்டிக்கொண்ட நுண்ணிய இழைகளில்தான். ஊற்றும்போது குவளையைச் சாய்த்து, பீர் ஊற்றுவது போலச் சுவரோரமாக வழிய விடுங்கள். உணவகப் பணியாளர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் ஷாம்பெய்ன் வட்டாரத்திலேயே உள்ள ரேம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழுவினர் 2010இல் அளந்து பார்த்து, இப்படி ஊற்றினால்தான் வாயு அதிகம் தங்குகிறது என்று காட்டிவிட்டார்கள்.

இனி அந்த இருபது பேர். ஒரு போத்தலில் 750 மில்லிலிட்டர். ஒழுங்காக ஊற்றினால் ஆறு குவளை. இருபதாகப் பிரித்தால் ஆளுக்கு 37 மில்லிலிட்டர், இருமல் மருந்து கொடுத்தது போல இருக்கும். விருந்தினர்களுக்கு வேறு நல்ல குமிழி வைன் நான்கு போத்தல் வாங்கி வையுங்கள் (இரவு 10.30க்கு மேல் காலை 7 மணிவரை கடைகளில் விற்க அனுமதியில்லை, ஆகவே முன்கூட்டியே). குடிக்காதவர்களுக்குப் பழச்சாறு. 2012ஐ விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு, நீங்கள், கணவர், மகள், இன்னும் வேண்டிய இரண்டொருவர் மட்டும் உட்கார்ந்து திறவுங்கள். இதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை.

கூடவே உளுந்து வடை, முறுக்கு, உப்பு முந்திரி, காரமில்லாத மீன் பொரியல் எதுவும் பொருந்தும். எண்ணெயும் உப்பும் அதன் புளிப்பைத் தேடி வரும். மட்டன் பிரட்டலோடு வேண்டாம். மிளகாய் எரிச்சலைக் குமிழியும் மதுவும் சேர்ந்து ஊதிவிடும். கேசரியோடும் வேண்டாம், இனிப்புக்குப் பக்கத்தில் இது வெறும் புளித் தண்ணீராகத் தெரியும்.

கேள்வி: பேரங்காடியில் ஆண்டு போட்ட புரொசெக்கோ 28 வெள்ளி. பக்கத்திலேயே ஆண்டு போடாத ஷாம்பெய்ன் 70 வெள்ளி. ஆண்டு போட்டதுதானே உயர்ந்தது? பிறகு ஏன் விலை குறைவு?
- வாசகர், ஈசூன்

பதில்: நல்ல பொறியில் மாட்டியிருக்கிறீர்கள். இத்தாலியக் குமிழி வைனான புரொசெக்கோவில் 'மில்லெசிமாத்தோ' என்று போட்டால், 85 விழுக்காடாவது அந்த ஆண்டின் திராட்சை என்பதுதான் பொருள். நிலவறையில் காத்திருந்தது என்று பொருளல்ல. அது பெரும்பாலும் பெரிய தொட்டிகளில் நொதித்து, இளமையிலேயே குடித்துவிட வேண்டிய பானம். அந்த ஆண்டைக் காலாவதித் தேதி போலவே படியுங்கள்: அண்மையதாக இருந்தால் நல்லது. ஷாம்பெய்ன் முறையிலேயே போத்தலுக்குள் நொதித்தது மலிவாக வேண்டுமானால் ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் கிரேமான் இரண்டையும் தேடுங்கள். செங்காங் வாசகிக்கும் இதையே சொல்வேன்.

இன்னொரு பொறி, போத்தலில் இனிப்பின் அளவைக் குறிக்கும் சொற்கள்: 'டிரை' என்றால் இனிப்பில்லாதது, ஆனால் 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது 'புரூட்'டைவிட இனிப்பானது. பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17வரை.

கேள்வி: 160 வெள்ளி கொடுத்து வாங்கிய போத்தலைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். கடைக்காரர், திறந்த போத்தலை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்.
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: திறக்காமல் எப்படி முகர்வதாம்? அது கார்க்கிலிருந்து வரும் மாசு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சந்தேகமில்லாத குறை. கீழே ஊற்றிவிடாதீர்கள். போத்தலைக் கார்க்கோடும் ரசீதோடும் கொண்டுபோய்க் காட்டுங்கள். முக்கால் போத்தல் காலியான பிறகு புகார் சொன்னால் நானே நம்பமாட்டேன். குறையுள்ள பொருள்களுக்காக 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' மதுவை விலக்கிவைக்கவில்லை. கடை அசையாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அடுத்த படி, 20,000 வெள்ளிவரை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். ஒரு போத்தலுக்காக அங்கே போவீர்களா என்பது உங்கள் பிடிவாதத்தைப் பொறுத்தது.

கேள்வி: ஜோகூரில் வாங்கி வந்தால் வரி மிச்சமாகுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஆகாது. வரிவிலக்கு 18 வயது நிரம்பி, 48 மணி நேரமாவது வெளியே இருந்துவிட்டு, மலேசியா அல்லாத இடத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டுமே. அவர்களும் வைனாக மட்டும் கொண்டுவந்தால் 2 லிட்டர்தான், அதாவது வழக்கமான அளவில் இரண்டு போத்தல். மற்றவர்கள் சுங்கத்துறையிடம் சொல்லிக் கட்ட வேண்டும். வைனுக்கான வரி விலையைப் பார்ப்பதில்லை, அதிலுள்ள சுத்த மதுவைப் பார்க்கிறது: லிட்டருக்கு 88 வெள்ளி. 12 விழுக்காடு உள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு 7 வெள்ளி 92 காசு. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. 28 வெள்ளிப் போத்தலுக்கும் 280 வெள்ளிப் போத்தலுக்கும் அந்த 7 வெள்ளி 92 காசு ஒன்றேதான்.