நாய்க்குப் பால்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாலைப் பற்றித்தான். அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டாக்டர், எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் குடிப்பான். இரண்டு மாதமாக மலம் கூழாகப் போகிறது. பால் காரணமாக இருக்குமா? அந்தக் காலத்து நாய்கள் பால் குடித்துத்தானே வளர்ந்தன? (வாசகி, திருப்பூர்)

இருக்கலாம். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க வைக்கும் நொதி குட்டியின் குடலில் நிறைய சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறையும் என்பது நாய்க்கு நாய் வேறுபடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவையும் பேதியையும் உண்டாக்குகிறது. பால் விஷம் இல்லை. உங்கள் பிள்ளையின் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்பதே கேள்வி.

பத்து நாள் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். மலம் இறுகினால் பால்தான் காரணம். இறுகவில்லை என்றால் மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள், குடற்புழுவாக இருக்கலாம். வளர்ந்த நாய்க்குப் பால் கட்டாயம் இல்லை. சரிவிகிதத் தீனியும் எப்போதும் நிரம்பிய தண்ணீர்க் கிண்ணமும் இருந்தால் போதும்.

அந்தக் காலத்து நாய்கள் பற்றிக் கேட்டீர்கள். என் தாத்தா வீட்டு நாய்க்குக் கிடைத்தது மோர் விட்ட பழைய சோறு. டம்ளர் டம்ளராகப் பால் ஊற்றி யாரும் வளர்க்கவில்லை.

தெருவில் வண்டி மோதித் தாய் நாய் இறந்துவிட்டது. கண் திறக்காத நான்கு குட்டிகளை எடுத்து வந்திருக்கிறேன். பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஃபில்லரில் கொடுக்கிறேன். எந்நேரமும் கத்துகின்றன. (வாசகர், மதுரை)

பெரும்பாலும் பசியில்தான் கத்துகின்றன. தண்ணீர் கலப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். கெட்டிப் பால் குட்டிக்குச் செரிக்காது என்ற அக்கறையில்தான் எல்லோரும் கலக்கிறார்கள். ஆனால் பசும்பாலில் கொழுப்பு சுமார் 4%, புரதம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நாய்ப்பாலில் இரண்டுமே ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாக்டோஸ் மட்டும் பசும்பாலில்தான் அதிகம். நீங்கள் தண்ணீர் கலக்கும்போது, ஏற்கெனவே சத்துக் குறைந்த பாலை இன்னும் பாதியாக்குகிறீர்கள். வயிறு உப்பித் தெரியும், குட்டி மட்டும் மெலியும்.

நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் பெட் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி, டப்பாவில் போட்ட அளவில் கரையுங்கள். இன்று ராத்திரிக்குக் கிடைக்காவிட்டால், கொழுப்பு எடுக்காத பால் ஒரு டம்ளரைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக் கலந்து கொடுங்கள். இது அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்.

கொடுப்பதற்கு முன் உங்கள் சுண்டு விரலைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். வாய் சில்லென்று இருந்தால் பாலைத் தொடாதீர்கள். குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே தேங்கிவிடும். துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து, மெதுவாக உடம்பைச் சூடாக்கிய பிறகு கொடுங்கள்.

குழந்தையைப் போல மல்லாக்க வைத்து ஊட்டவே கூடாது. குப்புறப் படுக்க வைத்து, தலையை லேசாகத் தூக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு கல்லூரி மாணவி செருப்பு டப்பாவில் ஒரு குட்டியைக் கொண்டு வந்தாள். அதன் மூக்கு நுனியில் பால் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் குமிழி பெருத்து உடைந்தது. பால் நுரையீரலுக்குப் போயிருந்தது. ராத்திரியெல்லாம் கண் விழித்து ஊட்டியிருக்கிறாள், மல்லாக்க வைத்து. குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் அவற்றுக்குச் சிறுநீரும் மலமும் வரும். அந்த வேலை இப்போது உங்களுடையது. தினமும் சமையல் தராசில் எடை பாருங்கள். ஒரு நாள்கூட எடை இறங்கக் கூடாது. இறங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தயிர், மோர்? (வாசகர், தஞ்சாவூர்)

புளிக்கும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறைவதால், பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கும் பெரும்பாலும் இரண்டு கரண்டி தயிர் ஒத்துக்கொள்ளும். உப்பு வேண்டாம். வெங்காயம் போட்ட மோர் கூடவே கூடாது, வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஆட்டுப்பால் நல்லதாமே? (வாசகி, சேலம்)

அதிலும் லாக்டோஸ் இருக்கிறது, சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள். பாலில் கரைத்தால்தான் குடிக்கிறாள். (வாசகர், கோயம்புத்தூர்)

பாலில் வேண்டாம். பாலின் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது. கால்சியம் டானிக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சோற்று உருண்டைக்குள்ளோ வேகவைத்த கோழித் துண்டுக்குள்ளோ வைத்துக் கொடுத்து, அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

பூஸ்ட் கலந்த பால் கொடுக்கலாமா? (வாசகி, சென்னை)

வேண்டாம். சர்க்கரையும் கோகோவும் இருக்கின்றன. கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. டீ, காபியும் வேண்டாம்.

எலி மருந்து தின்ற நாய்க்குப் பால் ஊற்றினால் விஷம் முறியும் என்கிறார்கள், உண்மையா? (வாசகர், விருதுநகர்)

இல்லை. இந்த நம்பிக்கையால் நேரத்தை வீணாக்கிவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பால் எந்த எலி மருந்தையும் முறிக்காது. சில எலி மருந்துப் பேஸ்ட்டுகளில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும். பாலோ எண்ணெயோ ஊற்றினால் அது இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். வலிப்பு வந்த நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். எதையும் புகட்டாமல், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலும் கொடுக்காமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மருந்தின் உறையோ டியூபோ கிடைத்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை என்று நாங்கள் முடிவு செய்ய முடியும்.